பர்ன்லி டாக்டரும் முந்தி வரும் துடிப்பும்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பர்ன்லி என்றொரு ஊர். பருத்தி ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் சூழ்ந்த தொழிலாளர் ஊர். 1879இல் ஜேம்ஸ் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்து இளைஞர் அங்கே மூத்த டாக்டர்கள் இருவரோடு சேர்ந்து மருத்துவம் பார்க்க வந்தார். விவசாயி வீட்டுப் பிள்ளை. பள்ளி முடித்ததும் மருந்துக் கடையில் வேலை பழகி, பிறகுதான் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். பர்ன்லிக்கு வந்த ஆரம்ப வருடங்களில் அவர் பிரசவம் பார்க்கப் போன ஓர் இளம்பெண் இதயம் பழுதாகிக் கண்முன்னே இறந்துபோனாள். அவளுக்கு ஆபத்து வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியுமா, எந்த அறிகுறியை வைத்து அறிந்திருக்கலாம் என்று தேடினார். புத்தகங்களில் பதில் இல்லை. எந்த இதயக் கோளாறு ஆளைக் கொல்லும், எது ஆயுள் முழுக்கக் கூடவே இருந்தும் ஒன்றும் செய்யாது என்று அன்றைக்கு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தார். அதற்கு அவர் கையில் இருந்த ஒரே வசதி, தன்னிடம் வருகிறவர்கள் அதே ஊரில், அதே தெருக்களில் வருடக்கணக்காக இருப்பார்கள் என்பது.

நான் ஈ.சி.ஜி. எடுத்துப் பிழைத்தவள். மதுரைப் பக்கம் மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது டெக்னீசியன் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மார்பில் ரப்பர் பல்பு வைத்து, கை கால்களில் கிளிப் மாட்டி, ஜெல்லி தடவி எடுத்த காலத்திலிருந்து தொழிலில் இருக்கிறேன். சூடான ஊசி தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும்போது ஒரு துடிப்பு சட்டென்று முந்திக்கொண்டு விழும்; அதை அடுத்து ஒரு சிறு இடைவெளி; பிறகு பழைய ஒழுங்கு. படுத்திருப்பவர் அதே நொடியில், "இந்தா, இப்பத் தூக்கிப் போட்டுச்சும்மா" என்பார். "அம்மா, எனக்கு அட்டாக்கா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு டாக்டர் சொல்லும் பதிலின் பின்னால் நூற்றைம்பது வருட உழைப்பு இருக்கிறது. மாணவிகளுக்கு அலைகளின் அளவைச் சொல்லித்தரும் பாடப்புத்தகங்கள் அந்த உழைப்பைச் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் வலது மேலறையில், மேல்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் சைனஸ் முடிச்சு என்ற சிறு தசைக்கூட்டம் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மின்தூண்டல் அங்கேதான் பிறக்கிறது. மேலறைகள் இரண்டிலும் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏ.வி. முடிச்சில் சற்றே தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. சில நேரம் மேலறையின் வேறொரு மூலையில் இருக்கும் சில செல்கள் தங்கள் முறைக்கு முன்பே தூண்டலைக் கிளப்பிவிடும். அதுதான் மேலறையில் பிறக்கும் முந்திய துடிப்பு. வார்டில் நாங்கள் சொல்வது ஏட்ரியல் எக்டோபிக். கீழறையிலும் இப்படி எக்டோபிக் பிறக்கும். நாடியைத் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முந்திய துடிப்பு வரும்போது இதயம் முழுதாக நிரம்பியிருக்காது. அதனால் மணிக்கட்டில் அது பலவீனமாகத் தட்டும், அல்லது தட்டாமலே போகும். 'நாடி விட்டு விட்டு அடிக்கிறது' என்று எல்லா நாட்டு வைத்தியர்களும் சொல்லி வந்தது பெரும்பாலும் இதைத்தான்.

தொட்டுப் பார்ப்பதிலிருந்து எழுதிப் பார்ப்பதற்கு மருத்துவத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பாரிஸின் எத்தியென்-ஜூல் மாரே. 1860இல் அவர் செய்த கருவியில் மணிக்கட்டு நாடியின் மேல் ஒரு நெம்புகோல் உட்கார்ந்து, புகைக்கரி பூசிய தாளில் கோடு கீறும். அதே மாரே பிற்பாடு தவளை இதயத்தில் ஒன்றைக் கவனித்தார்: இதயம் சுருங்கத் தொடங்கிய கணத்தில் எவ்வளவு தூண்டினாலும் அது கேட்பதில்லை. இந்தக் கேளாத நேரத்தைப் பிடித்துக்கொண்டு உட்ரெக்ட் நகரில் ஏங்கல்மன் என்ற உடலியல் பேராசிரியர் தவளை இதயத்தின் துடிப்புகளுக்கு இடையில் ஒரு தூண்டல் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார். கீழறையில் தூண்டினால், முந்திய துடிப்பை அடுத்து வரும் இடைவெளி சரியாக நீண்டு, கணக்கை நேர் செய்துவிடுகிறது. முந்திய துடிப்பையும் இடைவெளியையும் சேர்த்தால் இரண்டு ஒழுங்கான துடிப்புகளின் நேரம் வந்துவிடும்.

அந்த ஆய்வுக்கூடத்தில் பழகியவர்தான் கரெல் பிரெடரிக் வென்க்கெபாக். நிறக்குருடு இருந்ததால் நுண்ணோக்கியில் சாயமேற்றிய திசுக்களைப் பார்க்கும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. ஹேர்லன் என்ற ஊரில் சில காலம் கிராமத்து டாக்டராக இருந்தார். மீண்டும் உட்ரெக்டுக்கு வந்தபோது, தவளையில் பார்த்த ஒழுங்கின்மையை மனிதர்களின் நாடியில் தேடத் தொடங்கினார். 1899இல் ஒழுங்கற்ற நாடியை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். அவர் கையில் இருந்தது நாடிக்கோடும், நேரத்தை அளக்க இசைக்கவையும்தான். இந்த முந்திய துடிப்பு எங்கே பிறந்திருக்கும் என்று இடைவெளியின் நீளத்தை வைத்தே அவர் வாதிட்டார். மேலறையில் பிறந்த துடிப்பு, இன்று நாம் சைனஸ் முடிச்சு என்று சொல்லும் இடத்துக்கும் போய்ச் சேர்ந்து அதன் கடிகாரத்தைப் புதிதாகத் தொடங்கவைத்துவிடும். அதனால் அடுத்து வரும் இடைவெளி கணக்கை முழுதாக நேர் செய்யாது, குறைவாகவே இருக்கும். கீழறைத் துடிப்பு பொதுவாக முடிச்சு வரை ஏறுவதில்லை. இன்றும் என் மாணவிகள் செய்வது அதே வேலை. ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தை ஈ.சி.ஜி.யின் மேல் வைத்து, மூன்று துடிப்புகளுக்குப் பென்சிலால் கோடு போட்டு, எக்டோபிக் இருக்கும் இடத்துக்கு நகர்த்திப் பார்ப்பார்கள். மூன்றாவது கோட்டுக்கு முன்பே அடுத்த துடிப்பு வந்துவிட்டால் மேலறை என்று சந்தேகிக்கலாம். மின்பதிவே இல்லாத காலத்தில் கண்ட முறை அது.

கணக்கு போட்டுச் சொல்வது வேறு, மேலறை சுருங்குவதைக் கண்ணால் பார்ப்பது வேறு. பார்த்தவர் மெக்கன்சி. கழுத்தில் ஓடும் பெருஞ்சிரைக்கும் வலது மேலறைக்கும் நடுவில் வால்வு போன்ற பெரிய தடை இல்லை. மேலறை சுருங்கினால் அந்த அலை கழுத்தில் தெரியும். 1890களின் தொடக்கத்தில், மணிக்கட்டு நாடிக்கென்று இருந்த சிறு கருவியை மாற்றி அமைத்து, கழுத்துச் சிரையையும் மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் ஒரே தாளில் பதிய வைத்தார். கழுத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதிலிருந்து ரப்பர்க் குழாய், மறுமுனையில் எழுதும் நெம்புகோல். சிரை அலைகளுக்கு ஏ, சி, வி என்று அவர் இட்ட எழுத்துகளை மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். ஏ என்பது மேலறை சுருங்கும் அலை. முந்திய துடிப்பில் ஏ அலையும் சேர்ந்து முந்தி வந்திருந்தால், துடிப்பு மேலறையில் பிறந்தது. ஏ அலை தன் நேரத்திலேயே வந்து, நாடி மட்டும் முந்தியிருந்தால், கீழறை. இதற்குமேல் எளிமையாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

கரி பூசிய தாளில் சில நொடிகள்தான் பதிய முடியும். துடிப்பு எப்போது முந்தும் என்று தெரியாதபோது சில நொடிகள் எதற்குக் காணும்? பக்கத்து ஊரான பாடிஹாமில் ஷா என்ற கடிகாரக்காரர் இருந்தார். அவரைக் கொண்டு, நீளமான தாள் சுருளில் மையால் எழுதும் பாலிகிராஃப் ஒன்றை மெக்கன்சி செய்வித்தார். பையில் எடுத்துக்கொண்டு நோயாளி வீட்டுக்கே போகலாம். எங்கள் ஈ.சி.ஜி. பெட்டிக்கு அதுதான் மூதாதை என்பது என் எண்ணம். மின்சாரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை, உண்மைதான். ஆனால் கட்டிலருகே உட்கார்ந்து, ஓடும் தாளில் துடிப்புக்குக் காத்திருக்கும் இந்தத் தொழில் அங்கேதான் தொடங்குகிறது.

கருவியைவிடப் பெரிய விஷயம் அவர் காத்திருந்தது. அதே நெசவாளியை, அதே சுரங்கத் தொழிலாளியை, அதே இல்லத்தரசியை வருடம் தவறாமல் பதிந்து வைத்தார். பத்து வருடம், பதினைந்து வருடம் கழித்து யார் எப்படி ஆனார்கள் என்று பார்த்தார். மூன்று விதமான ஒழுங்கின்மை பிரிந்து தெரிந்தது. ஒன்று, இளம் வயதினரிடம் மூச்சோடு சேர்ந்து வேகம் கூடிக் குறைவது. இரண்டாவது, பெரியவர்களிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் முந்திய துடிப்பு. மூன்றாவது, எந்த ஒழுங்கும் இல்லாமல் நாடி கன்னாபின்னாவென்று ஓடுவது. இது வந்தவர்களுக்கு இதயம் பலவீனமாகி மூச்சுத் திணறும் ஆபத்து இருந்தது. முதல் இரண்டும் தனியாக இருக்கும்வரை ஆளை ஒன்றும் செய்யவில்லை. இதை 1902இல் நாடி பற்றிய தன் பெரிய புத்தகத்தில் விரிவாக எழுதினார். நாடி விட்டு அடிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மனிதர்களைப் படுக்கையில் போட்டதையும், ஓடியாடக் கூடாது என்று தடுத்ததையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். இந்தத் தெளிவு எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரவில்லை, ஆலைத் தெருக்களில் ராப்பகலாக அலைந்த ஒரு பொது மருத்துவரிடமிருந்து வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

மூன்றாவது வகையைப் பற்றி அவர் கண்ட ஒன்று நம் கதைக்கு முக்கியம். அந்தக் கன்னாபின்னா நாடி தொடங்கியதும் கழுத்தில் ஏ அலை காணாமல் போயிற்று. மேலறை ஒழுங்காகச் சுருங்குவதை நிறுத்திவிட்டது என்று தெரிந்தது. அங்கே என்னதான் நடக்கிறது என்று பாலிகிராஃபால் சொல்ல முடியவில்லை. இறந்த நோயாளிகளின் இதயங்களை அவர் லண்டனில் உடற்கூறு அறிஞர் ஆர்தர் கீத்துக்கு அனுப்பி ஆராயச் சொன்னார். அந்தத் தேடல்தான் கீத்தை மேலறைப் பக்கம் இழுத்தது. 1906 கோடையில் கென்ட் பகுதியில் கீத்தின் நாட்டுப்புற வீட்டில் தங்கி வேலை செய்த மார்ட்டின் ஃபிளாக் என்ற மாணவர், அகழெலி ஒன்றின் இதயத்தில் இதுவரை யாரும் விவரிக்காத ஒரு தசைக்கூட்டத்தைக் கண்டார். 1907இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. அதுதான் சைனஸ் முடிச்சு. முந்திய துடிப்பு யாரை முந்துகிறது என்பது அந்த வருடம்தான் தெரிந்தது.

இதற்கிடையில் மின்பதிவு வேறொரு வழியாக வந்துகொண்டிருந்தது. 1887இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்துடிப்பை முதன்முதலாகப் பதிந்தார். அவர் பயன்படுத்தியது மெல்லிய குழாயில் பாதரசம் ஏறி இறங்கும் கருவி. அலைகள் மழுங்கித்தான் தெரியும். அதைத் துல்லியமாக்கியவர் வில்லெம் ஐந்தோவன். ஜாவாவின் செமராங்கில் 1860இல் பிறந்தவர். டாக்டரான தந்தை இறந்தபின் தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹாலந்து திரும்பினார். லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஐந்தோவன், பெரிய மின்காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை ஒன்றை நிறுத்தினார். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இழை அது. உருகிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்து இழுத்து எடுப்பார்கள். இதயத்தின் மின்னோட்டம் பாயும்போது இழை அசையும்; அதன் நிழல் நகரும் ஒளிப்படத் தகட்டில் விழும். இரண்டு அறைகளை அடைத்துக்கொண்ட கருவி, எடை ஏறக்குறைய 270 கிலோ, இயக்க ஐந்து பேர். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இவ்வளவையும் மருத்துவமனைக்குத் தூக்கிப்போக முடியாது என்பதால் மருத்துவமனையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1905இல் நோயாளிகளைத் தொலைவிலிருந்தே பதிந்தார். 1906இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் முந்திய துடிப்புகளும் இடம்பெற்றன. பி, க்யூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

பர்ன்லியின் கழுத்துச் சிரையையும் லைடனின் இழையையும் ஒன்றாக இணைத்தவர் தாமஸ் லூயிஸ். கார்டிஃப்காரர். 1907இல் மெக்கன்சி பர்ன்லியை விட்டு லண்டனுக்கு வந்தார்; அடுத்த வருட அளவில் இளைஞர் லூயிஸ் அவரைப் பார்க்கப் போய்ப் பழகினார். ஒழுங்கற்ற நாடியை எடுத்துக்கொண்டு வேலை செய் என்று மெக்கன்சி சொல்ல, லூயிஸ் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் இழைக் கருவியை நிறுவிக்கொண்டு இறங்கினார். 1909இல் அந்த மூன்றாவது வகை நாடி மேலறைகள் நடுங்குவதால் வருவது, அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று நிறுவினார். வியன்னாவில் ரோட்பெர்கர், விண்டர்பெர்க் என்ற இரு ஆய்வாளர்களும் அதே வருடம் அதே முடிவுக்கு வந்தார்கள். நாய்களின் மேலறையில் வெவ்வேறு இடங்களைத் தூண்டிப் பார்த்த லூயிஸ், இடம் மாற மாற, மேலறையின் மின்னலையான பி அலையின் உருவமும் மாறுவதைக் காட்டினார். கழுத்தில் கிண்ணம் வைத்து ஏ அலையைத் தேடிய வேலையை இனி தாளிலேயே பி அலையை வைத்துச் செய்யலாம். 1911இல் வந்த தன் பெரிய நூலை மெக்கன்சிக்கும் ஐந்தோவனுக்கும் சேர்த்தே லூயிஸ் காணிக்கையாக்கினார். அது மிகப் பொருத்தம்.

இனி தாளைப் பார்ப்போம். நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் தாள். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. ஒழுங்கான துடிப்பில் இரண்டாம் லீடில் பி அலை சிறிய, வட்டமான மேடு. மேலறை எக்டோபிக்கில் பி அலை சீக்கிரம் வரும், உருவமும் வேறாக இருக்கும்: கூராக, தட்டையாக, அல்லது மேலறையின் அடிப்பகுதியில் பிறந்திருந்தால் தலைகீழாக. அதை அடுத்து வரும் கீழறை அலையான க்யூ.ஆர்.எஸ். பெரும்பாலும் மற்றத் துடிப்புகளைப் போல ஒல்லியாகவே இருக்கும், ஏனென்றால் கீழறைக்கு இறங்கும் பாதை அதே பாதைதான். மாணவிகள் இந்த அளவில் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள். சிக்கல், துடிப்பு ரொம்பவே முந்தும்போது வருகிறது. கீழறைக்குப் போகும் கிளைகளில் ஒன்று, பெரும்பாலும் வலது கிளை, இன்னும் தயாராகாமல் இருந்தால் க்யூ.ஆர்.எஸ். அகலமாகி, கீழறையில் பிறந்ததுபோல வேடம் போடும். இன்னும் முந்தினால் ஏ.வி. முடிச்சே கேளாத நேரத்தில் இருக்கும். பி அலை வரும், க்யூ.ஆர்.எஸ். வராது. அந்த பி அலையோ முந்தைய துடிப்பின் முடிவில் வரும் டி அலைக்குள் புதைந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இதயம் காரணமில்லாமல் நின்று நின்று ஓடுவதுபோலத் தெரியும். திடீர் இடைவெளி கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஹென்றி மேரியட் தன் ஈ.சி.ஜி. நூல்களிலும் வகுப்புகளிலும் ஒளிந்த பி அலையைத் தேடு, தேடு என்று சலிக்காமல் சொன்னார். டி அலையில் ஒரு சிறு முள், ஒரு சிறு பள்ளம், மற்ற டி அலைகளைவிடக் கொஞ்சம் உயரம், அதற்குள்ளே இருக்கும்.

வெளியூரிலிருந்து ஒரு பெரியவரை ஒருமுறை எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். நாடி நாற்பதுக்கும் கீழே. இதயம் அடைபட்டிருக்கிறது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. பதிந்தேன். மெதுவான, ஒழுங்கான துடிப்பு. எல்லா டி அலையும் ஒன்றுபோலவே இருந்தன. அதனால் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் மூத்த இதய மருத்துவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "பழைய ஈ.சி.ஜி. எதாவது வச்சிருக்கீங்களாம்மா?" என்று பெரியவரின் மனைவியைக் கேட்டார். அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பி, கடைசியில் எப்போதோ கண் ஆபரேஷனுக்காக எடுத்த ஓர் ஈ.சி.ஜி.யை நீட்டினார். எழுத்து மங்கியிருந்தது, அலை தெரிந்தது. அதில் டி அலை வழவழப்பான மேடு. இப்போது எடுத்ததில் ஒவ்வொரு டி அலையின் இறங்குமுகத்திலும் ஒரு நெளிவு. ஒவ்வொரு ஒழுங்கான துடிப்பை அடுத்தும் மேலறையில் ஓர் எக்டோபிக் பிறந்து, கீழே இறங்க முடியாமல், ஆனால் சைனஸ் முடிச்சின் கடிகாரத்தை மட்டும் கலைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அடைப்பே இல்லை. சிறிது நேரம் கழித்து மீண்டும் பதிந்தபோது இரண்டொரு எக்டோபிக் தாமதமாக வந்து கீழே இறங்கியும் காட்டின. அவருக்கு பேஸ்மேக்கர் வைக்கவில்லை. மறுவருடம் அவர் செக்கப்புக்கு வந்தபோது நாடி எழுபது. ஒரு பழைய தாள் இல்லையென்றால் அவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. வீட்டில் ஈ.சி.ஜி. தாள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அது வெப்பத்தில் மங்கும் தாள் என்பதால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்றும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படுக்கையில் சில நொடி பதிவதும் மெக்கன்சியின் கரித்தாள் போலத்தான்; துடிப்பு வராத நேரத்தில் எடுத்தால் ஒன்றும் இருக்காது. அமெரிக்காவின் மொன்டானாவில் நார்மன் ஹோல்டர் என்பவர் 1947இல் ஏறக்குறைய 38 கிலோ எடையுள்ள ரேடியோ கருவியை முதுகில் கட்டிக்கொண்டு, நடமாடும் மனிதனின் ஈ.சி.ஜி.யைப் பதிந்து காட்டினார். டிரான்சிஸ்டர் வந்தபின் அது சுருங்கிச் சுருங்கி, 1960களில் அவர் பெயராலேயே ஹோல்டர் எனப்படும், தோளில் மாட்டும் பெட்டியாயிற்று. நாள் முழுக்கப் பதியத் தொடங்கியதும் மருத்துவர்களுக்கு ஓர் அதிர்ச்சி: நோய் எதுவுமில்லாதவர்களிடமும் முந்திய துடிப்பு இருந்தது. 1977இல் இதயநோய் இல்லாத 50 மருத்துவ மாணவர்களை 24 மணி நேரம் பதிந்து வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் மேலறை எக்டோபிக் இருந்தது. ஆனால் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பர்ன்லியில் கழுத்தைப் பார்த்துச் சொன்னதை இது உறுதி செய்தது.

இருந்தும் தாளில் அலங்கோலம் தெரிந்தால் அதை அழித்துவிடத்தான் மருத்துவத்துக்குக் கை துறுதுறுக்கிறது. மாரடைப்பு வந்தவர்களின் கீழறை எக்டோபிக்குகளை மருந்தால் அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று நம்பி அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. எக்டோபிக் அடங்கியது; ஆனால் 1989இல் வெளியான முடிவில், மருந்து சாப்பிட்டவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. அது கீழறை பற்றிய சோதனை, நோயாளிகளும் வேறு. ஆனாலும் அதற்குப் பிறகு எந்த எக்டோபிக்குக்கும் மருந்து எழுதுவதில் ஒரு நிதானம் வந்தது. சாதாரண அறிவுரைகளும் மாறிவருகின்றன. எங்கள் ஊரில் படபடப்பு என்றாலே முதலில் நிறுத்தச் சொல்வது காபியைத்தான். 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 100 பேரைக் காபி குடிக்கும் நாள், குடிக்காத நாள் என்று மாற்றி மாற்றிப் பதிந்தார்கள். மேலறை எக்டோபிக் ஒரு நாளுக்குச் சராசரியாக 58, 53. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. தூக்கம்தான் குறைந்திருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் மேலறை எக்டோபிக்கைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். 1998இல் பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர் மிஷேல் ஐசகேரும் அவர் குழுவினரும் வெளியிட்ட கட்டுரை அப்படிப் போகவிடவில்லை. விட்டுவிட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் 45 பேரின் மேலறைக்குள் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, அந்த நடுக்கம் எந்தத் துடிப்பில் தொடங்குகிறது என்று காத்திருந்தார்கள். தொடக்கி வைத்தது மேலறை எக்டோபிக். அவை பிறந்த 69 இடங்களில் 65 இடங்கள் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள், 2 முதல் 4 சென்டிமீட்டர் உள்ளே இருந்தன. மேலறைத் தசையின் நார்கள் அந்தச் சிரைகளுக்குள் சற்றுத் தூரம் ஓடுகின்றன. அங்கே வெடிக்கும் ஓர் எக்டோபிக், தகுந்த நேரத்தில் விழுந்தால், மேலறை முழுவதையும் நடுங்க வைத்துவிடும். அந்த இடத்தைச் சுட்டுச் செயலிழக்கச் செய்தால் பலருக்கு நடுக்கம் நின்றது. இன்று உலகம் முழுக்க, நம் சென்னையிலும் மதுரையிலும், நுரையீரல் சிரைகளைச் சுற்றிச் சுட்டுத் தனிமைப்படுத்தும் சிகிச்சை அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. மெக்கன்சி பிரித்து வைத்த இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்திருக்கிறது. அவர் பார்த்த நெசவாளிகளில் பெரும்பாலோருக்கு அது திறக்கவே இல்லை.

யாருக்குத் திறக்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி. 2010இல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, 55 முதல் 75 வயது வரையான, இதயநோயோ பக்கவாதமோ வந்திராத 678 பேருக்கு ஹோல்டர் மாட்டிவிட்டு, ஆறு வருடங்களுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தது. மணிக்கு 30க்கு மேல் மேலறை எக்டோபிக் வந்தவர்களுக்கும், தொடர்ச்சியாக 20க்கு மேல் ஓடியவர்களுக்கும் பின்னாளில் ஃபிப்ரிலேஷனும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகமாக வந்தன. இவ்வளவு எக்டோபிக் இருந்தும் ஃபிப்ரிலேஷன் இன்னும் பதிவாகாத ஒருவருக்கு, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை இப்போதே தொடங்கலாமா என்பதில் மருத்துவர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவது, குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ள தூக்கத்தைச் சரிசெய்வது, மதுவை நிறுத்தச் சொல்வது, ஒரு நாளுக்குப் பதில் ஒன்றிரண்டு வாரம் மார்பில் ஒட்டும் பதிவுக் கருவியைக் கொடுத்து மீண்டும் பார்ப்பது என்பதுதான் இப்போது நடக்கிறது. என் மாணவிகள் ஹோல்டர் அறிக்கையில் மேலறை எக்டோபிக்கின் மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதி நிறுத்திவிடுவார்கள். மணிக்கு எத்தனை, சேர்ந்தாற்போல் ஓடியதில் மிக நீளமானது எவ்வளவு, முந்தைய பதிவு இருந்தால் அதில் எத்தனை என்பதையும் கீழே எழுதச் சொல்லித் திருப்பித் தருகிறேன்.